என் கணக்கில் சாயாத குமிழி

தொண்ணூறுகளின் நடுவில், அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில், முனைவர் பட்டத்துக்காகக் கணினியில் பிளாஸ்டிக் குமிழி ஊதிக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பால் கவருக்கான ஃபிலிம் அப்படித்தான் பிறக்கிறது. உருகிய பிளாஸ்டிக் மூன்று அடுக்காகச் சேர்ந்து வட்டமான ஒரு வாய் வழியாக வெளியே வரும். உள்ளே காற்றை அடைத்து மேலே இழுத்தால் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு குமிழி நிற்கும். அது எப்போது அசையாமல் நிற்கும், எப்போது ஆடத் தொடங்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஆதம்பாக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் அப்படி மெஷின் போட்டிருந்த முதலாளி ஒருவர் எங்கள் துறைக்கு வந்தார். மதியமானால் குமிழி சாய்கிறது, ஃபிலிம் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து வீணாகிறது என்றார். கோளாறு மெஷினிலா, ஓட்டுகிறவரிடமா என்பது எழுத்தில் வேண்டுமாம். நான் போய் அளவெடுத்தேன். மெஷின் ஓட்டியவர் சைதாப்பேட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும். முதலாளி நகர்ந்ததும் என்னருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அது என்னியே பாத்துகினு கீது. இந்தாண்ட நின்னா இந்தாண்ட சாயுது. அந்தாண்ட போனா பின்னாலயே வருது."

"எப்போலேர்ந்து?"

"வெயில் ஏறுனதுலேர்ந்து. எனக்கு இன்னாவோ ஆவப்போவுதுன்னு தோணுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. படித்த திமிர், வேறென்ன.

முழுக் குமிழியையும் கணக்கிட எங்கள் கணினிக்குத் தெம்பில்லை. அதனால் அந்தத் துறையில் பலரும் செய்வதுபோல நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு கீற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றிலும் எல்லாம் அதேபோல என்று வைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட குமிழி வீங்கலாம், சுருங்கலாம். எந்தப் பக்கமும் சாய அதற்கு வழியே கிடையாது. இது எனக்குத் தெரியும். அறிக்கை எழுதிய அன்று மட்டும் தோன்றவில்லை. மெஷின் நிலையாக இருக்கிறது, தவறு கையாள்வதில் என்று எழுதினேன். போதாததற்கு, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று முதலாளியிடம் வாயாலும் சொல்லி வைத்தேன். அவர் ரசித்துச் சிரித்தார். அந்த வாரமே சைதாப்பேட்டைக்காரரை நிறுத்திவிட்டார்.

பிறகு ஒருநாள் என் ஆராய்ச்சிக்குச் சில அளவுகள் குறைந்ததால் மறுபடி போனேன். மதியம் இரண்டு மணி, தகரம் கொதித்தது. புதிதாக வந்தவர் மேலே ஃபிலிம் சுற்றும் தளத்தில் இருந்தார். கீழே நான் மட்டும். குமிழிக்குப் பக்கத்தில் நின்றதும் கையிலிருந்த மயிரெல்லாம் எழுந்து நின்றது. ஃபிலிமில் ஏறும் மின்சாரம்தான் அது, எனக்குத் தெரியும். தெரிந்தும் மயிர் படியவில்லை.

அந்தக் கண்ணாடித் தோலில் என் முகம் நீளமாகத் தெரிந்தது. குமிழி மெதுவாகக் குனிந்து என் பக்கம் வந்தது. நான் பின்வாங்கினேன், அதுவும் விலகியது. மறுபக்கம் போய் நின்றேன். சுற்றிக்கொண்டு அங்கேயும் வந்து குனிந்தது. நடந்தேன், கூடவே வந்தது. மேலே பார்த்து, குமிழி என் பின்னாலேயே வருகிறது என்று அந்த ஆளிடம் கத்தினேன்.

"எனக்கும் அப்டித்தான் மேடம்," என்றார் எட்டிப் பார்த்து. "அதான் மேலயே நின்னுகினு கீறேன்."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் மண்டையில் ஏறியது. வெயிலில் காற்று சூடாகிவிடுவதால் குமிழி சீக்கிரம் இறுகுவதில்லை. இளகியபடியே வளைந்து தானாகச் சுற்றுகிறது. யார் எங்கே நின்றாலும் ஒரு சுற்றில் அவரிடம் வந்துதான் தீரும். நான் படித்த புத்தகங்களிலேயே இருந்த விஷயம் இது. புரிந்த பின்னும் பயம் போகவில்லை, அதன்மேல் வெட்கமும் வந்து உட்கார்ந்தது.

புது அறிக்கை எழுதிக் கொடுத்தேன். முதலாளி நல்ல மனிதர், நிறுத்தியவரை உடனே திரும்ப வரச் சொன்னார். சொல்லும் வேலையை நானே ஏற்றுக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். இரண்டு கம்பெனியில் கூப்பிட்டும் போகவில்லையாம். எந்த மெஷினுக்குப் பக்கத்திலும் நிற்கவே பயமாக இருக்கிறது என்றார்.

இரண்டு அறிக்கைகளையும் விரித்து, படம் போட்டு விளக்கினேன். பழையதில் இருந்தது ஒரு கீற்று, அதில் குமிழி சாய இடமில்லை, தப்பு என்னுடையது என்றேன். அவர் பழைய தாளை வாங்கிப் படத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"இதுல நான் நின்ன எடம் எங்கம்மா கீது?"

"இதுல இல்லைங்க. ஆளுங்க யாரையும் நான் கணக்குல எடுத்துக்கல."

"நான் இதுல இல்லவே இல்லன்னா," என்று தாளை மடித்து என் கையில் கொடுத்தார், "என் மேல தப்புன்னு எப்டிம்மா எழுதுன?"