அக்கா ஒரு தடவைதான் சொல்வாள்

போன வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனை முடிந்து வெளியே வந்தோம். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருகிட்ட நான் எதையும் ஒரு வாட்டிதான் சொல்வேன்லா. கேட்டா கேக்கட்டும், கேக்காட்டி போகட்டும்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "ரோசக்காரிதான்" என்று பாராட்டு வேறு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை...

என் அக்காவும் அப்படித்தான். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அக்கா எதையும் திருப்பிச் சொல்ல மாட்டாள். அத்தான் மேலே இருப்பவர்கள் பேச்சை மீற மாட்டார் — காலையில் கணக்கெழுதும் கிராணி ஆள் எண்ணிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு மணி அடித்தால், முதலில் போய் நிற்பவர் அவர்தான். இரண்டுமே நல்ல குணம்தானே?

ஒருநாள் விடிந்தும் விடியாமல் வேலை மேற்பார்க்கும் மண்டோர், நாங்கள் குடியிருந்த லயத்துக்கு ஓடி வந்தார்.

"சயாம் ரயில் வேலைக்கு ஆள் புடிக்க ஜப்பான்காரன் லோரி வந்திருக்கு, போனவன் எவனும் திரும்பல. ஆம்பளைங்க யாரும் பெரட்டுக்கு வராதீங்க."

மற்ற ஆண்கள் எல்லோரும் காட்டுக்குள் ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அத்தான் தலைத்துண்டை எடுத்தார்.

"போகாதீங்க," என்றாள் அக்கா.

"மணி அடிச்சிருச்சே புள்ள. பேர் கூப்புடுறப்ப நான் இல்லாட்டி கிராணி என்ன நெனப்பாரு?"

அக்கா மரவள்ளிக்கிழங்கைச் சீவ உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுக்கா," என்று கெஞ்சினேன்.

"ஏன், மொத வாட்டி சொன்னது காதுல விழலயாமா?"

அத்தான் வாசலில் நின்று துண்டைக் கட்டினார்... அவிழ்த்தார்... மறுபடி கட்டினார். தலைத்துண்டு கட்ட அவ்வளவு நேரமா ஆகும்? இன்னொரு வார்த்தைக்காகத்தான் அந்த மனிதர் நின்றார். அது வரவில்லை. போய்விட்டார்.

மத்தியானம், காட்டுக்குள் ஒளிந்தவர்கள் எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

ஜப்பான்காரன் தோற்றுச் சண்டை முடிந்தபின், அத்தானோடு வேலை செய்த ஒருவர் சயாமிலிருந்து வந்தார். அத்தான் காலராவில் போய்விட்டதாகச் சொன்னார். அக்கா அழவில்லை.

"கடைசில யாராச்சும் தண்ணி குடுத்தாங்களாண்ணே?"

அவர் தலைகுனிந்தார். அக்கா மறுபடி கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

சாமியிடம் ஒரே வேண்டுதலைத் தினமும் வைக்கிறோம், கூச்சப்படுவதில்லை. கட்டிய மனிதரிடம் இரண்டாம் தடவை சொல்ல மட்டும் நமக்கு ஏன் இத்தனை கௌரவம்?