முதல் குரூப்பும் கரமனை வரனும்

நான் காலேஜில் எதைப் படிக்க வேண்டும் என்பதை எனக்கு வரப்போகிற மாப்பிள்ளையின் படிப்பை வைத்துத்தான் எங்கள் வீட்டில் முடிவு செய்தார்கள். அந்த மாப்பிள்ளை யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அது ஒரு தடையாகவே யாருக்கும் தோன்றவில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். கிழக்கேகோட்டையில், கோவிலை ஒட்டிய அக்ரகாரத் தெருவில் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் முடிந்து, பெண்கள் காலேஜில் இன்டர்மீடியட் சேர வேண்டும். அங்கே மூன்று குரூப். முதல் குரூப்பில் கணக்கு, பௌதிகம், ரசாயனம். இரண்டாம் குரூப்பில் கணக்குக்குப் பதிலாகத் தவளையை அறுக்க வேண்டும். எங்கள் தெருவில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. மூன்றாம் குரூப்பில் சரித்திரமும் தர்க்கமும். மத்தியானத்தோடு வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து மாவு அரைக்கலாம்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, செக்ரட்டேரியட்டில் கிளார்க். எந்த விஷயமானாலும் அதை ஒரு பைலாக்கி நோட் போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளை பெண்ணைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். பெண் முதல் குரூப் படித்தால் இன்ஜினீயர் மாப்பிள்ளைதான் தேட வேண்டும், அதற்கு நம்மால் ஆகாது. சரித்திரம் படித்தால் பி.ஏ. படித்த ஆபீஸ் குமாஸ்தா போதும், ஊரில் தடுக்கி விழுந்தால் குமாஸ்தா. படிக்காமலே விட்டால் இந்தக் காலத்தில் குமாஸ்தாவும் கிடைக்க மாட்டான். ஆகையால் பெண்ணின் படிப்பு ரொம்பவும் கெட்டியாக இருக்கக் கூடாது, ரொம்பவும் நீர்த்தும் இருக்கக் கூடாது. மோர்க்குழம்புக்குப் பதம் சொல்வது போலச் சொல்லி முடித்தார். அப்பா தலையாட்டினார். அம்மாவும்தான்.

எனக்குக் கணக்குதான் வேண்டும். பெரிய லட்சியம் ஏதும் இல்லை. எங்கள் வீட்டில் எதை எடுத்தாலும் நாலு அபிப்பிராயம் உண்டு. கணக்கில் விடை ஒன்றுதான், அதை எந்தச் சித்தப்பாவும் மாற்ற முடியாது. இது பள்ளிக்கூடத்தில் எனக்கு ரொம்பவும் பிடித்துப் போயிருந்தது.

காலேஜில் சேர்க்க அப்பா என்கூட வந்தார். சாலை பஜாரில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிற அவர், வீட்டில் புலி, வெளியில் எலி. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள், குட்டிக்கு எந்த குரூப் என்று மலையாளத்தில் கேட்டதும் அப்பா தொண்டையைக் கனைத்துச் சரி செய்ய ஆரம்பித்தார். அவர் கனைத்து முடிப்பதற்குள் நான் முதல் குரூப் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என் மார்க்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாரம் ஜாஸ்தி, பல பெண்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள், ஓணப் பரீட்சை வரைக்கும் பார், முடியாவிட்டால் மாற்றித் தருகிறோம் என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

வீட்டில் எழவு விழுந்தது போல ஆயிற்று. அம்மா அன்று முழுக்கப் பாத்திரங்களை உருட்டினாள். கடைசியில் சித்தப்பா ஒரு சமரசம் கண்டார். ஓணப் பரீட்சையில் கணக்கில் தேறினால் முதல் குரூப். தோற்றால் மறுபேச்சில்லாமல் மூன்றாம் குரூப், அதோடு வருகிற முதல் வரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். நான் சரி என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

காலேஜ் கணக்குக்கும் பள்ளிக்கூடத்துக் கணக்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விடை ஒன்றுதான் என்று நம்பிப் போனவளுக்குத் தினம் ஒரு விடை வந்தது. போதாக்குறைக்கு ரசாயனப் பிராக்டிகல். உப்புகளைச் சோதிக்க ஒரு வாயு உண்டு, அழுகின முட்டை நாற்றம். புடவையில், தலைமயிரில் எல்லாம் ஏறிக்கொள்ளும். முதல் நாள் நான் வாசலில் கால் வைத்ததுமே அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, முட்டை நாற்றம் என்றாள். முட்டை நாற்றம் உனக்கு எப்படியம்மா தெரியும் என்று கேட்டேன். அம்மா கொல்லைப்புறத்தைக் கையால் காட்டினாள்.

அன்று முதல் பிராக்டிகல் நாட்களில் எனக்குக் கொல்லைப்புறம்தான் வழி. கிணற்றடியில் நிற்க வேண்டும், அம்மா நீர் இறைத்துத் தலையில் கொட்டுவாள், அப்புறம்தான் உள்ளே. ஜூனில் பிடித்த இடவப்பாதி மழை வேறு, புடவை காயாது. அம்மா ஒவ்வொரு வாளிக்கும் முதல் குரூப்பை ஒரு திட்டு திட்டுவாள். ஆனால் ஒரு நாளும் நீயே இறைத்துக்கொள் என்று சொன்னதில்லை.

அப்படி ஒரு பிராக்டிகல் நாளில்தான், முன்னறிவிப்பு இல்லாமல், கோவிலுக்கு வந்த வழியில் என்று சொல்லிக்கொண்டு கரமனையிலிருந்து ஒரு வரன் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. பையனும் அவன் அம்மாவும். பையன் பி.ஏ. சரித்திரம், ஆபீஸ் வேலை. சித்தப்பாவின் நோட்டுக்கு அப்படியே பொருத்தம். கொல்லையில் அம்மா வழக்கத்தைவிட நாலு வாளி கூடக் கொட்டினாள். ஈரத்தலையோடு போய் நமஸ்காரம் செய்தேன். இந்த வேளையில் குளியலா என்று பையனின் அம்மா கேட்டாள். காலேஜிலிருந்து வந்தால் இவள் குளிக்காமல் தண்ணிகூடக் குடிக்க மாட்டாள் என்று அம்மா சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

 பையன் தரையைப் பார்த்தபடியே மெதுவாக என்னைக் கேட்டான்.

"பைனாமியல் தியரம் ஆயாச்சோ?"

"நடந்துண்டிருக்கு" என்றேன்.

"வராதாக்கும். நானும் மொதல்ல அந்த குரூப்புதான். ஓணத்தோட விட்டுட்டேன்."

பாவம், நல்லெண்ணத்தில்தான் சொன்னான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. காப்பி டம்ளர்களோடு நின்ற அம்மாவும் அதைக் கேட்டாள்.

சம்மதம் என்று சில நாளில் சித்தப்பா மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். ஒரே ஒரு விஷயம். பெண் குரூப்பை மட்டும் மாற்றிக்கொண்டால் தேவலை. பையனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறதாம். சித்தப்பாவுக்கு அதில் தப்பே தெரியவில்லை, தன் சித்தாந்தம் பலித்த சந்தோஷத்தில் இருந்தார். அரைத்துக்கொண்டிருந்த அம்மா, மாவுக் கையோடு எழுந்து வந்தாள்.

"அவனுக்கு வராதது இவளுக்கும் வரப்படாதோ? இந்த வரன் வேண்டாம்னு சொல்லிடுங்கோ."

அம்மா அப்பாவுக்கு எதிரே அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அப்பா தொண்டையைக் கனைத்தார், அதோடு சரி. வரன் போயிற்று. கணக்குக்காக நல்ல இடத்தை உதறினார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

அப்புறம் ஓணப் பரீட்சை வந்தது. கணக்கில் தோற்றேன். சும்மா தோற்கவில்லை, வாத்தியாரம்மா விடைத்தாளைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கக் கூசும்படி தோற்றேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பாதி நிம்மதி. போதும் இந்தக் கணக்கும் நாற்றமும் என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து, ஒப்பந்தப்படி மூன்றாம் குரூப்புக்கு மாறிவிடுகிறேன், அப்பா வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்றேன். அப்பா சரி என்றார். சித்தப்பா நோட்டே போட்டுவிட்டார். அம்மா மட்டும் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு வரலைம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"வராதுன்னு சொன்னது அந்தக் கரமனைப் பையன். நீ ஏண்டி போய் அவனுக்குச் சாட்சி சொல்றே?"

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவள் அப்பாவை எழுதிக் கொடுக்கவும் விடவில்லை. ஓண விடுமுறை முடிந்து, அழுதுகொண்டே போய் முதல் குரூப்பிலேயே உட்கார்ந்தேன்.