இருபது அட்டைகளின் வரிசை

எங்கள் பள்ளியில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பாடம் மராத்தியில்தான் நடக்கும். கட்கியிலிருந்து வரும் அந்தப் பதினோரு வயதுப் பெண்ணுக்கு மட்டும் தினமும் அரை மணி நேரம் தமிழ்ச் சொற்கள் கற்பித்தேன். வீட்டில் தமிழ் பேசுவதால் அவள் அம்மா அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மொத்தம் இருபது பட அட்டைகள். தண்ணி, பாத்ரூம், தட்டு, சீப்பு என்று போகும். என் நோட்டில் சொல்லுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். கடந்த ஒரு மாதமாக எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளை அழைத்துப்போக அம்மா வந்தார். மகர்பட்டாவில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை கிடைத்திருக்கிறதாம், திங்களன்று சேர வேண்டுமாம். சாயங்காலம் வரை பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். ஆனால் தண்ணீரும் பாத்ரூமும் பெண் வாய்திறந்து கேட்க வேண்டும் என்பது அந்த அக்காவின் நிபந்தனை. எல்லாம் சொல்கிறாள் என்று நோட்டைக் காட்டினேன். தானே கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார் அம்மா.

அட்டைக் கட்டை நீட்டினேன். ஒரு கையில் நனைந்த குடை இருந்ததால் அவரிடமிருந்து நழுவி அட்டைகள் தரையில் சிதறின. பொறுக்கி அடுக்கிவிட்டு, மகளுக்கு எதிரே உட்கார்ந்து முதல் அட்டையைக் காட்டினார். அது சீப்பு.

"தண்ணி" என்றாள்.

"சீப்பக் குடிக்கப் போறியாடி?" என்று அம்மா சிரித்தார்.

அடுத்தது பஸ். "பாத்ரூம்" என்றாள். சோப்புக்குத் தட்டு. அம்மா எதிரில் இருப்பதால் கூச்சம் என்று சொல்ல வாயெடுத்தேன். நான்காவது அட்டை செருப்பு. "சீப்பு" என்றாள்.

நோட்டைப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து ஒன்றுகூட விடாமல் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

தினமும் வகுப்பு முடிந்ததும் அட்டைகளை நோட்டின் வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைப்பது என் வழக்கம். ஒரு நாளும் மாற்றி அடுக்கியதில்லை. அவள் கற்றது அந்த வரிசையை. இருபதையும் சொல்லி முடித்து, வழக்கம்போல் கைதட்டிவிட்டு, நானும் தட்டுவதற்காக என்னைப் பார்த்தாள். என் கை எழவில்லை.

அம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினார். அவள் அட்டைகளைத்தான் பார்த்தாள்.

"அப்ப இவளுக்குத் தண்ணின்னா என்னன்னே தெரியாதா டீச்சர்?"

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்; திட்டவில்லை. வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தார். "ஒரு ஹப்தா, ஒரே வாரம், தள்ளி வரச் சொல்லிருக்காங்க. அதுக்கு மேல வேற ஆள வச்சுக்குவாங்களாம். ரெண்டே ரெண்டு வார்த்த போதும் டீச்சர்."

திங்களன்று அட்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவளைக் குடிநீர்க் குழாயடிக்கு அழைத்துப்போய், டம்ளரில் பிடித்துக் கையில் கொடுத்து, "தண்ணி" என்றேன். முழுவதும் குடித்தாள். காலி டம்ளரை என்னிடம் நீட்டி, தெளிவாக, "பாத்ரூம்" என்றாள்.

நோட்டில் அது இரண்டாவது வரி.