வெடித்த மடிப்பு

செம்மேட்டில் இருக்கும் என் பட்டறையில் அன்று ஒரே ஒரு ஷீட்தான் மிச்சமிருந்தது. மறுநாள் காலையில் ஒரு லாட்ஜ் திறப்பு. அதன் வாசலுக்கான பெரிய போர்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்து ஒட்டிய ஷீட் அது. பின்தகட்டையும் பிளாஸ்டிக்கையும் மெஷினால் பள்ளமாகக் கீறி, முன்தகட்டைத் தொடாமல் விட்டால், கையாலேயே அட்டைப்பெட்டிபோல் மடித்துவிடலாம். மடித்த ஓரங்களைத்தான் இரும்புச் சட்டத்தில் ரிவெட் ஆணி அடித்து இறுக்குவோம். பள்ளம் ஒரு மயிரிழை ஆழமாகிவிட்டாலும் முன்தகடு வெடித்துவிடும்.

மேல் ஓரத்தை மடிக்கும்போது சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. மடிப்பின் மேல் நகத்தை ஓட்டினேன். பாதி நீளத்துக்குக் கீறல் விட்டிருந்தது. புது ஷீட் நாமக்கல்லிலிருந்து வர வேண்டும். அந்த மழையில் மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வர இரண்டு நாளாகும். வெடிப்பில் சிலிக்கான் பசையைத் தடவி, துணியால் துடைத்து, மேலே ஸ்டிக்கரை ஒட்டினேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை.

லாட்ஜ் வாசலில் ஏணி மேல் நின்று மாட்டிக்கொண்டிருந்தபோது, ரோட்டோரம் மிளகும் அன்னாசியும் விற்கிற அக்கா ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்தார். நாற்பது வயதிருக்கும். பக்கத்துச் சிற்றூர்க்காரர்.

“ஏனுங்க தம்பி, இதுக்கடியில கடை போட்டுக்கலாமுங்களா? வெயிலுக்கு ஆகுமுங்க.”

“தாராளமா போடுங்கக்கா” என்றேன்.

ஆடிக் காற்று எழுந்த மூன்றாம் நாள் போர்டு பிய்த்துக்கொண்டு விழுந்தது. அதன் முனை அடியில் கடை போட்டிருந்த அக்காவின் வலது தோளில் இறங்கியது. நான் போய்ச் சேர்வதற்குள் அவரைப் பிக்கப் வண்டியில் ஏற்றி மலையிறக்கிவிட்டார்கள். தார்ப்பாயில் மிளகு சிதறிக் கிடந்தது. மேலே சட்டத்தில் மேல் ஓரத் துண்டு மட்டும் ரிவெட்டோடு அப்படியே நின்றது. மடிப்பு நெடுகக் கிழிந்திருந்தது.

“இந்தக் காத்துக்கு எதுதாங்க நிக்கும்?” என்றார் லாட்ஜ்காரர். கூடியிருந்தவர்களும் காற்றைத்தான் திட்டினார்கள். நான் ஏணி வைத்து ஏறி, அந்தத் துண்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அக்காவின் தோள் எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை தோளுக்கு மேல் எழாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் மிளகு பறிக்கவும் போகிறவர். பறிப்பவர்கள் மூங்கில் ஏணியில் ஏறி, ஒரு கையால் மரத்தைப் பிடித்து, மறு கையை உயர்த்தித்தான் பறிக்க வேண்டும். இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு காலையில் கிளம்பிப் போனேன்.

அவர் வீட்டு வாசலில் இடது கையால் மரவள்ளித் தோலை உரித்துக்கொண்டிருந்தார். “வாங்க தம்பி, ஊட்டுக்குள்ள வாங்க, காப்பி வெக்கறேன்” என்று எழுந்தார். நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கீறல், சிலிக்கான், தெரிந்தே அவரை அடியில் உட்காரச் சொன்னது.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“காத்துன்னு நெனச்சிட்டு இருந்தனுங்க” என்றார். “அதுமேல கோவப்பட முடியாதுங்களே. எப்படியோ மனசத் தேத்திக்கிட்டேன். இப்ப வந்து எதுக்குங்க சொல்றீங்க?”

“மனசு கேக்கலீங்கக்கா.”

“உங்க மனசு கேக்கலைன்னு வந்தீங்க. இனி ஒவ்வொரு தடவ கை எழாதப்பவும் உங்க மூஞ்சியில்லீங்களா வரும்?”

காப்பி வைக்கிறேன் என்று அவர் திரும்பச் சொல்லவில்லை. “வாரேனுங்க” என்றேன். அவர் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு அவர் மிளகு பறிக்கப் போகவில்லை. கடையும் போடவில்லை. வீட்டுச் செலவுக்காக அவருடைய கணவர் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டார். பஸ்ஸில் என்னைப் பார்த்தால் அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

வேறு தொழில் தெரியாததால் நான் இன்னமும் போர்டுதான் செய்கிறேன். ஒவ்வொரு மடிப்பையும் இரண்டு முறை தடவிப் பார்க்கிறேன். கீறல் இருந்தால் ஷீட்டையே தூக்கிப் போட்டுவிடுகிறேன். அதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.