தொழுகை உடுப்பில் சுற்றிய லேசர்

யுத்தம் முடியப் போகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான் சோதனைச் சாவடிகளில் கெடுபிடி கூடியது. அப்படியொரு காலையில் பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு ஆய்வை விளக்க வேண்டியிருந்தது. வாப்பா மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு கல்முனையிலிருந்து கிளம்பினார். சுனாமியில் உம்மா போன பிறகு அவர் என்னைத் தனியே எங்கும் விட்டதில்லை. எனக்கு அது பெரிய எரிச்சல்.

ஆய்வு முறுக்கிய லேசர் ஒளி பற்றியது. வலிய லேசரைச் சும்மா பாய்ச்சினால் இலத்திரன்கள் (எலக்ட்ரான்கள்) பக்கவாட்டில் சிதறி ஓடும். ஈரச் சாரனைப் பிழிவதுபோல ஒளியை முறுக்கிவிட்டால் அதன் நடுவில் இருட்டு விழும். இலத்திரன்கள் அந்த இருட்டுக்குள் அகப்பட்டு, கூட்டமாக முன்னால் விரட்டப்படும். அவ்வளவு வலிய லேசருக்கு நான் எங்கே போவேன்? என் வேலை முழுக்கக் கணக்குத்தான். காட்டுவதற்கு இருந்தவை ஒரு லேசர் பேனாவும், ஒளியை முறுக்கும் நுண்ணிய கோடுகள் கொண்ட ஒரு பிலிம் துண்டும்.

பிலிமில் கீறல் விழாதிருக்க இரண்டையும் என் வெள்ளைத் தொழுகை உடுப்புக்குள் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அந்த உடுப்பை யாரும் அழுக்குக் கையால் தொடமாட்டார்கள். அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது. இராணுவத்துக்கு இதெல்லாம் விளங்குமா?

வழியில் ஒரு சாவடியில் நிறுத்தினார்கள். பெண்களைச் சோதிக்கும் சாக்குத் தடுப்புக்குள் பெண் சிப்பாய் உடுப்பை உதறினாள். பேனா விழுந்தது.

"ஏன் ஒளிச்சது?" என்றாள் கொச்சைத் தமிழில்.

"ஒளிக்கல்ல. கீறல் விழும் எண்டு சுத்தி வெச்சன்."

பிலிமைத் தூக்கிப் பார்த்தாள். "இது மெப்பா?" வரைபடம் என்று நினைத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் இதை விளக்க வழியில்லை. வெளியே வாப்பாவின் குரல் கேட்டது. "மகள், என்ன சுணக்கம்?" அங்கே நின்ற சிப்பாய் ஒருவன் அவரை அதட்டினான். வாப்பா அதட்டலுக்கு நிற்கிற ஆளில்லை. இன்னும் கொஞ்சம் சுணங்கினால் உள்ளே வருவார், சுடுவார்கள்.

"காட்டட்டா?" என்றேன். அவள் துப்பாக்கியில் கை வைத்தபடி தலையசைத்தாள். உடுப்பைச் சாக்கில் தொங்கவிட்டு, பிலிமுக்குள்ளால் ஒளியைப் பாய்ச்சினேன். வெள்ளைத் துணியில் சிவப்பு வளையங்கள் விழுந்தன. அவள் ஒரு வளையத்தின் நடு இருட்டில் விரலை வைத்து, சட்டென்று எடுத்தாள்.

"சுடுமா?"

"சுடாது. இது படிப்புக்கு."

அப்போது வெளியே துப்பாக்கியை இழுத்துப் பூட்டும் சத்தம் கேட்டது.

"வாப்பா, வராதீங்க!" என்று கத்தினேன். பெண் சிப்பாய் சாக்கை விலக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பாய்ந்து, சிங்களத்தில் ஏதோ கத்தினாள். மாணவி என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. வாப்பா வாசலில் நின்றார். துப்பாக்கி முனை அவர் நெஞ்சில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் தேடினார்.

விட்டுவிட்டார்கள். பேனாவையும் பிலிமையும்கூடத் தந்தார்கள். கொஞ்சத் தூரம் போனதும் வாப்பா வண்டியை நிறுத்தினார். எஞ்சினையும் அணைத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"சுட்டிருந்தா என்ன வாப்பா செய்யிற? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மகள்." என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "கடல் வந்த நேரம் நான் சந்தையில நிண்டன். உம்மா என்னக் கூப்பிட்டாவா எண்டுகூட எனக்குத் தெரியா. இண்டைக்கு வாசல்ல நிண்டுக்கிட்டும் வராம இருக்கச் சொல்றீங்களா?"

முறுக்கிய ஒளி பற்றி யார் எதைக் கேட்டாலும் சொல்லத் தயாராக வந்தவள் நான். அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.