டோர்செட் பார்க்கிலிருந்து பிக்கரிங்குக்கு: கண்ணால் சமைத்த கம்போ

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கிலிருந்து பிக்கரிங்குக்குப் போய் வந்ததை எல்லாம் ஒரு பயணமென்று எழுதுவதா எனச் சிலர் சிரிக்கக்கூடும். தூரம் இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான். ஆனால் எழுபத்து நான்கு வயதில் தனியாக இரண்டு பஸ்ஸும் ஒரு ரெயிலும் ஏறிப் போய், லூசியானா மாநிலத்துச் சமையல் ஒன்றைக் கற்றுக்கொண்டு, மாலை ஐந்து மணிக்குள் வீடு திரும்பினேன். அதை எழுதும் உரிமை எனக்கு உண்டு.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மார்ச் மாதம் வந்த காய்ச்சலோடு எனக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. மல்லியும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். இதை நான் எவரிடமும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் ஐந்து வீடுகளுக்கு ஆண்டுதோறும் கறித்தூள் வறுத்துக் கொடுப்பவள் நான். மணம் தெரியாதவள் வறுத்த தூளை யார் நம்பிக் கறியில் போடுவார்கள்?

அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டு முன்னறைக்குப் போவது என்னுடைய நாற்பது வருடப் பழக்கம். பக்குவம் வந்ததும் மணம் வந்து என்னைக் கூப்பிடும். இப்போது கூப்பிடுவதில்லை. பெப்ரவரியில் செத்தல் மிளகாய் கருகி, கட்டடம் முழுவதும் அலாரம் அடித்து, ஒன்பதாம் மாடி அயலவர்கள் என்னால் பனியில் இறங்கி நின்றார்கள். மே மாதத் தொடக்கத்தில் ஒரு பானை அடிப்பிடித்துப் புகைந்தது. யூனியன்வில்லில் இருக்கும் என் மகன் ரமணன், அம்மாவுக்கு மறதி வருத்தம் தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டினான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அடுப்பின் குமிழ்களுக்குப் பூட்டுப் போடப்போவதாகவும், இனி வாரம் இரண்டு தடவை கடையிலிருந்து சாப்பாடு வரும் என்றும் சொன்னான்.

என் அடுப்பு என் கையை விட்டுப் போகப்போகிறது. எனக்கு மறதியில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் மணம் தெரியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கணவர் இறந்த பின் ஒன்பது வருடங்கள் எவர் கையையும் எதிர்பாராமல் இருந்த எனக்கு அது வாயில் வரவில்லை.

அந்த வாரம்தான் பிலோமினா தொலைபேசியில் வந்தாள். கொன்வென்டில் என்னோடு படித்தவள். மனையியல் பரிசை ஒரு வருடம் நானும் மறு வருடம் அவளுமாக வாங்கிக்கொண்டிருந்தோம். முப்பத்தொரு வருடம் லூசியானாவில் குடும்பம் நடத்திவிட்டு, இப்போது பிக்கரிங்கில் மகள் வீட்டில் இருக்கிறாள்.

"எடி மங்கை, எங்கடை லூசியானாக் கேஜன் சமையலைப் போல லேசான சமையல் இல்லை. ஒரு சட்டி, ஒரு அகப்பை. உன்னாலையே ஏலும்," என்றாள்.

'உன்னாலையே' என்பதைப் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு முன்னால் கருகாமல் ஒன்றைச் சமைத்துக் காட்ட வேண்டிய தேவை எனக்கு இருந்தது.

புதன்கிழமை காலை 8.40க்குக் கெனடி வீதியில் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். பன்னிரண்டு நிமிடத்தில் கெனடி சுரங்க ரெயில் நிலையம். அங்கிருந்து எக்லிண்டன் வீதியால் கிழக்கே போகும் பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் புறநகர் ரெயில் நிறுத்தும் எக்லிண்டன் நிலையம். மேடையில் பயண அட்டையோடு தடுமாறிக்கொண்டிருந்த என்னிடம், வேலைக்குப் போகும் உடையில் ஒரு தமிழ்ப்பெண் வந்தாள்.

"அன்ரி, அந்தக் காட்டை மெஷினிலை தட்டிட்டீங்களோ?"

"ஓம், தட்டிட்டன்."

"இறங்கேக்கையும் மறக்காமல் தட்டோணும். இல்லாட்டி கடைசி ஸ்ரேஷன் மட்டும் போற காசை எடுத்துப்போடும்."

"நான் மறக்கிற ஆள் இல்லை, பிள்ளை," என்றேன். தேவைக்கு மேல் கடுமையாகச் சொல்லிவிட்டேன். அவளுக்கு என்ன தெரியும்?

9.31க்கு ரெயில். மேல் தட்டில், வலது பக்க யன்னலோரம் உட்காருங்கள். இதை நான் எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். ரூஜ் ஹில் நிலையம் தாண்டியதும் வீடுகள் சட்டென்று முடிந்து, தண்டவாளத்தின் காலடியில் ஒன்ராரியோ ஏரி திறக்கிறது. மறுகரை இல்லை. அன்று காலை நீர் கரையில் பச்சையாகவும், தள்ளி நீலமாகவும், அதற்கப்பால் வெள்ளியாகவும் இருந்தது. முப்பத்திரண்டு வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறேன், இதை இப்படிப் பார்த்ததில்லை. கையிலிருந்த பையைக்கூட மறந்து எழுந்து நின்றுவிட்டேன்.

பிக்கரிங் நிலையத்தில் இறங்கினால் 401 நெடுஞ்சாலைக்கு மேலாகக் கண்ணாடி போட்ட நடைபாலம் ஒன்று இருக்கிறது. மழை, பனி எதுவும் படாது. கீழே ஓடும் வாகன வரிசைகளை எண்ணினேன். பன்னிரண்டு வரை எண்ணியபோது ஒரு பெரிய லொறி வந்து மறைத்தது. பாலம் முடிகிற இடத்தில் பத்து மணிக்கு நிற்பதாகச் சொன்ன பிலோமினா வந்தபோது என் மணிக்கூட்டில் பத்து பன்னிரண்டு.

"பன்னிரண்டு நிமிசம்," என்றேன்.

"எடியே, அறுபது வருசமாகியும் வரவெடுக்கிறதை விடேல்லையே நீ!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள்.

கம்போ என்பது லூசியானாவில் வீட்டுக்கு வீடு செய்யும் கெட்டியான குழம்பு. நம்முடைய ஒடியல் கூழைப் போல இறால், கோழி, வெண்டிக்காய் என்று கையில் கிடைப்பதெல்லாம் ஒரே சட்டிக்குள் போகும். வெங்காயம், செலரி, கறிமிளகாய் மூன்றும் இல்லாமல் அங்கே எந்தச் சட்டியும் அடுப்பில் ஏறாதாம். அதற்கு அவர்கள் பரிசுத்த திரித்துவம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

"எங்கடை கொன்வென்ட் மதர் கேட்டிருந்தா பிரம்பெடுத்திருப்பா," என்றேன்.

"மதருக்கு ஒரு கோப்பை குடுத்திருந்தா ரெண்டாம் கோப்பை கேட்டிருப்பா," என்றாள் பிலோமினா.

எல்லாவற்றுக்கும் அடி 'ரூ'. அரைக் கோப்பை எண்ணெய், அரைக் கோப்பை கோதுமை மா, நடுத்தரச் சூடு, கைவிடாமல் கிண்ட வேண்டும். அவ்வளவுதான். அகப்பையை என்னிடம் தந்துவிட்டு அவள் வெங்காயத்தாள் பிடுங்கத் தோட்டத்துக்குப் போனாள்.

"கச்சான் கடலை வறுக்கிற மாதிரி மணம் வந்த உடனை கூப்பிடு."

நான் கிண்டினேன். மணத்துக்காகக் காத்து நின்றேன், வராது என்று தெரிந்தும். மா மண்ணிறமாகியது. அது போதுமா, போதாதா? நான் அறிந்த வறுவல் எல்லாம் மூக்கு சொன்ன வறுவல். கூப்பிட்டது பிழையாகிவிட்டால் அவள் சிரிப்பாளே என்று கூப்பிடவில்லை. கறுப்புப் புள்ளிகள் எழத் தொடங்கியபோது பின்கதவு படாரென்று திறந்தது.

"எடி! கருகின மணம் வேலி மட்டும் வருது! அடுப்படியிலை நிண்டுகொண்டு என்ன செய்யிறாய்?"

அகப்பையைக் கீழே வைத்தேன். "எனக்கு மணக்கேல்லை, பிலோ."

"தடிமன் சளியோ?"

"இல்லை. எனக்கு ஒண்டுமே மணக்கிறேல்லை."

அவள் அடுப்பை அணைத்தாள். "எப்ப தொடக்கம்?"

"பதினாலு மாதம்."

"ஆருக்குச் சொன்னனி?"

"உனக்கு."

அவள் ஐயோ பாவம் என்று சொல்லியிருந்தால் நான் அடுத்த ரெயிலைப் பிடித்திருப்பேன். "சரி. கருகின ரூவைத் திருத்தேலாது. உதைக் கொட்டிட்டுச் சட்டியைக் கழுவு," என்றாள். நான் கழுவிக்கொண்டிருக்க, அலுமாரிகளைத் திறந்து எதையோ தேடினாள். திரும்பிப் பார்த்தபோது அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று பொருட்கள் வரிசையாக இருந்தன: ஒரு கரண்டி கச்சான் வெண்ணெய், பழைய கனேடிய ஒரு சதச் செப்புக் காசு, ஒரு துண்டு கறுத்தச் சொக்கலேற்.

"அங்கத்தை ஆக்கள் மூக்கை நம்பி ரூ வைக்கிறேல்லையடி. உந்த மூண்டையும் பார், சட்டியைப் பார். சொக்கலேற் நிறம் வந்தா நிப்பாட்டு. அதுக்கு முந்தி நிப்பாட்டினா உன்ரை பரிசு எனக்கு."

நாற்பத்திரண்டு நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். வெள்ளை மா முதலில் தந்தமாகியது. பிறகு கச்சான். அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றுமே நடவாதது போலிருந்து, திடீரென்று சட்டிக்குள் செம்பு ஏறியது. யன்னல் வெளிச்சம் பட்டு அது மினுங்கியபோது காசை எடுத்து அருகே பிடித்தேன். வித்தியாசமே இல்லை. மா இறுக்கம் விட்டு நெகிழ்வதை அகப்பைப் பிடி என் கைக்குச் சொன்னது. இறுதியில் செம்பு ஆழ்ந்து, இருண்டு, சொக்கலேற்றின் பளபளப்போடு நின்றது. கோதுமை மாவுக்குள் இத்தனை நிறங்கள் இருப்பதை ஒரு வாழ்நாள் முழுக்கச் சமைத்தும் நான் அறிந்திருக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அவள் "விடு" என்றபோதுதான் தெரிந்தது. வெங்காயத்தைக் கொட்டினாள். சட்டி மழை மாதிரி இரைந்தது.

ஒரு மணித்தியாலத்தின் பின் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிட்டோம். முதலில் உப்பு, பிறகு வெண்டிக்காயின் வழுவழுப்பு, கடைசியில் கயென் மிளகாயின் உறைப்பு. உறைப்பு மூக்கின் தயவில் இல்லை என்பதை அன்று கண்டேன். நாக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, நெற்றியில் வியர்வையாக வந்தது. பதினாலு மாதமாகக் கடதாசியைச் சாப்பிட்டுவந்த வாய்க்குள் மீண்டும் ஏதோ நடந்தது. இரண்டாம் கோப்பை கேட்டேன். பிலோமினா மதரின் பேச்சை எடுக்காமலே ஊற்றினாள். அது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

போக விரும்புவோருக்குச் சில விடயங்கள். இரண்டு பஸ்ஸும் ரெயிலும் சேர்த்து, முதியோர் கட்டணத்தில், ஒரு வழிக்கு மூன்று டொலர் இருபது சதம் போயிற்று. பின்னேர ரெயிலில் மூன்றரை மணிக்குப் பிறகு கூட்டம், எனவே 3.10ஐப் பிடியுங்கள். திரும்பும்போது ஏரி இடது பக்கம். கம்போ செய்ய அடி தடித்த சட்டியும் அடி தட்டையான மரக் கரண்டியும் வேண்டும். முதல் தடவை சூட்டைக் குறைத்து ஒரு மணித்தியாலம் கொடுங்கள். இறாலை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மட்டும் போடுங்கள். ரூ அடுப்பில் இருக்கும்போது தொலைபேசி மற்ற அறையில் இருக்கட்டும். மணம் போனவர்கள் வைத்தியரிடம் போங்கள். நான் பதினாலு மாதம் பிந்தித்தான் போகிறேன். பிந்துவதைப் பற்றிப் பிறருக்குப் பேச எனக்கு இனி வாயில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்கு ரமணன் வந்தான், கையில் பூட்டுகள் இருந்த கடைப்பையோடு. நான் அடுப்படியில் நின்று மா கிண்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"தம்பி, எனக்கு மறதி இல்லை. எனக்கு மணம் தெரியாது. போன வருசக் காய்ச்சலோடை போட்டுது."

பின்னால் கடைப்பைக்குள் பூட்டுகள் கிணுங்கின.

"இதைச் சொல்ல ஒரு வருசமோ அம்மா? உங்களுக்கு நான் ஆரெண்டும் மறந்துபோகப் போகுதெண்டு எத்தினை நாள் நித்திரையில்லாமல் இருந்தனான், தெரியுமே?" பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப அந்த வருசப்பிறப்புக் கத்தரிக்காய்க் கறி..." என்றான்.

"கத்தரிக்காய்க்கு என்ன?"

"ஒண்டுமில்லை. எல்லாரும் சாப்பிட்டவைதானே."

என் கை உளைந்தது. அகப்பையை அவனிடம் கொடுத்தேன். இந்த வீட்டில் தேத்தண்ணி தவிர எதையும் கலக்கியறியாத ஐம்பது வயது எஞ்சினியர், கடைப்பையைக் கதிரையில் போட்டுவிட்டுக் கிண்டத் தொடங்கினான்.

"மணம் எப்பிடி இருக்கு? சொல்லு," என்றேன்.

அவன் சட்டிக்கு மேலே குனிந்தான். "கச்சான் மாதிரி... இல்லை, பேக்கரியிலை பாணைச் சுடேக்கை வாற மணம். பொறுங்கோ, இப்ப மாறுது. கோப்பிக்கொட்டை. அதோடை என்னவோ இனிப்பு." அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மணத்துக்கும் ஒரு நிறம் இருந்தது.

"இறக்கட்டோ அம்மா?"

"இல்லை," என்றேன். "இன்னும் மூண்டு நிமிசம் கிண்டு."