எப்போதும், சில சமயம், இல்லவே இல்லை

முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலில் நின்று, "உங்க வீட்ல ஒருத்தர்மேல ஒருத்தர் பாசமா இருக்கீங்களா? எப்போதுமா, சில சமயமா, இல்லவே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, திட்டு வாங்காமல் திரும்பி வருவதற்குப் பெயர்தான் கள ஆய்வு. வினாத்தாள் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் அலைந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில் காலிங் பெல் அடிக்கும் ஆளை எப்படிப் பார்ப்பீர்களோ, அந்தப் பார்வையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் நான் தினமும் வாங்குகிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பு, பிளஸ் டூ பிள்ளைகளின் படிப்பார்வத்தில் குடும்பச் சூழலுக்கு உள்ள பங்கு. நாற்பது கேள்விகள், எல்லாம் நானே எழுதியவை. பிள்ளை டிக் அடிக்க வேண்டும், பெற்றோர் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். எந்த வீட்டிலும் அஞ்சாவது நிமிஷம் டீ வாங்கிக் குடிக்கிற சாமர்த்தியம் எனக்கு உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் என் நெறியாளர் அம்மா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். முதலில் சில வீடுகளில் தாளைக் கொடுக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து அதே வீடுகளுக்குப் போய் அதே தாளைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டு தடவையும் பதில் ஒத்துப்போனால் வினாத்தாள் பாஸ். ஒத்துப்போகவில்லை என்றால் நாற்பது கேள்வியோடு என் இரண்டு வருஷ உழைப்பும் குப்பைக்குப் போகும்.

முழு மார்க்

சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். பையன் டியூஷனுக்குப் போயிருந்தான். "தாளைக் குடுத்துட்டுப் போங்க, நாளைக்கு ரெடியா இருக்கும்" என்றார் அவன் அம்மா. மறுநாள் போனால் உண்மையிலேயே ரெடி. பிளாஸ்டிக் ஃபைலுக்குள், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், முதலில் பென்சிலில் போட்டுப் பார்த்து அதன்மேல் பேனாவால் எழுதிய தாள். டிக் அடித்தது முழுக்க அம்மா. அன்பா, எப்போதும். பாராட்டா, எப்போதும். வீட்டில் சண்டை வருமா? இல்லவே இல்லை.

நான் அதைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே திரும்பி, "அந்த டிவிய நீங்களா அணைக்கிறீங்களா, நான் வந்து ஒடைக்கட்டுமா?" என்று கணவரிடம் ஒரு குரல் விட்டார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார்: "மாடி வீட்டுக்காரங்களுக்கு எவ்ளோ மார்க் வந்துச்சு மேடம்? எங்களுக்கு அத விட ஜாஸ்திதானே?"

கம்பெனி ஆள்

கடலூரை ஒட்டிய குடிகாடு கிராமத்துக்குப் பக்கத்திலேயே கெமிக்கல் எஸ்டேட். அதனால் கையில் ஃபைலோடு யார் போனாலும் அங்கே அவர் கம்பெனி ஆள்தான். நான் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன், ஆய்வு என்றேன், வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மூன்று முறை சொன்னேன். பிளஸ் டூ பையனின் அப்பா மூன்று முறையும் தலையாட்டிவிட்டு, மூத்த மகனின் ஐ.டி.ஐ. சர்டிஃபிகேட் ஜெராக்ஸை என் வினாத்தாளோடு பின் அடித்து வைத்தார்.

"அப்பா உன் எதிர்காலம் பத்திப் பேசுவாரா?" என்று சின்னவனிடம் கேட்டால், மூத்தவனின் வெல்டிங் அனுபவத்தை அப்பா சொல்கிறார். நாற்பது கேள்விக்கும் அப்படியே போயிற்று. கிளம்பும்போது வண்டி வரை வந்து வழியனுப்பினார். "இந்தப் பாசம், பழக்கவழக்கம்லாம் நீங்களே பாத்துப் போட்டுக்குங்க மேடம், ஷிஃப்ட் மட்டும் ஜெனரல் ஷிஃப்டா போடச் சொல்லுங்க."

லிஸ்ட்

கடலூர்க் கடற்கரையில் தேவனாம்பட்டினத்தில் கதை தலைகீழ். அங்கே மீன் விற்கும் ஒரு அக்கா, மகனுக்குப் பதில் தானே பதில் சொன்னார். எல்லாமே இல்லவே இல்லை. வீட்டில் சேர்ந்து சாப்பிடுவீர்களா? இல்லவே இல்லை. அப்பா பிள்ளைகளோடு சிரித்துப் பேசுவாரா? இல்லவே இல்லை. அந்த அப்பாவோ நாலடி தள்ளி உட்கார்ந்து, மகனோடு செல்போனில் ஏதோ பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்த்ததை அக்காவும் பார்த்தார். கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை.

சுனாமிக்குப் பிறகு எத்தனை பேர், எத்தனை விதமான தாளோடு அந்த வாசலில் நின்றிருப்பார்கள் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. படகு போச்சா, வலை போச்சா, வீடு போச்சா என்று கேட்டவர்கள் கையிலும் இதே மாதிரி பேனாதான் இருந்திருக்கும். இது நிவாரணம் இல்லை அக்கா, படிப்பு சம்பந்தமானது என்றேன். அவர் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இருக்குதுன்னு சொன்னா லிஸ்ட்லேருந்து பேர அடிச்சிடுவீங்க, அதுகூடத் தெரியாமயா இவ்ளோ வருசமா இருக்கிறோம்?"

சத்தமாகப் படித்த பெண்

அதே தெருவில் முருகையன் வீடு. படகில் போகிறவர். மகள் சந்தியா பிளஸ் டூ, கணக்கில் கெட்டிக்காரி என்று அவள் பள்ளியிலேயே சொல்லியிருந்தார்கள். முருகையனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டாராம். "ஒண்ணு விடாம படி, பதிலையும் சொல்லு, அப்புறம் போடுறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளை தனியாகப் பதில் போட வேண்டும் என்பதுதான் விதி. விதியைச் சொன்னால் கையெழுத்து கிடைக்காது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இருபத்தாறு கேள்வி தடையில்லாமல் போனது. இருபத்தேழாவது: "உன் மேற்படிப்பு பற்றி முடிவெடுக்கும்போது உன் விருப்பத்தைக் கேட்கிறார்களா?" சந்தியா படித்தாள். பேனா மூடியை மாட்டினாள், கழற்றினாள். அவள் அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். விஷயம் எனக்கு டீ குடிக்கும்போதே தெரிந்துவிட்டிருந்தது: கடலூரிலேயே ஒரு வருஷ நர்ஸிங் உதவியாளர் கோர்ஸில் அவளைச் சேர்ப்பதாக முருகையன் தன் மச்சானுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அவளுக்கோ சிதம்பரம் போய்க் கணக்குப் படிக்க ஆசை. "இன்னாத்துக்கு யோசன? எப்பவும்னு போடு" என்றார் முருகையன். அவள் போட்டாள்.

பொய் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மீதி பதின்மூன்று கேள்வி இருந்தது, கடைசி பஸ்ஸைப் போல அந்தக் கையெழுத்து எனக்குத் தேவையாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: தாள் நிரம்பியதும் நான் சந்தோஷப்பட்டேன். நெறியாளர் அம்மாவிடம் காட்டி நடந்ததைச் சொன்னபோது, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "பேனாவப் புடிச்சது பொண்ணு, சரி. பதில் சொன்னது யாரும்மா?"

இரண்டாவது தடவை

மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று. சிதம்பரத்து அம்மா தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். பார்த்து அப்படியே எழுதிக்கொடுத்தார். குடிகாட்டில் போன தடவை பதிலையே போட்டு, இன்னொரு ஜெராக்ஸையும் பின் அடித்தார்கள். மீன்கார அக்கா தாளைப் பார்க்கக்கூட இல்லை, "அன்னிக்குச் சொன்னதுதான், மாத்திப் பேசுற ஆளு நான் இல்ல" என்றுவிட்டார். எல்லாம் நூலிழை பிசகாமல் ஒத்துப்போனது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முருகையன் வீட்டில் இந்தத் தடவையும் அதே ஏற்பாடு. வலை, பக்கத்தில் சந்தியா, சத்தமான வாசிப்பு. இருபத்தேழு வந்தது. "சில சமயம்" என்றாள். போன தடவை எப்போதும், இப்போது சில சமயம். ஒரு கேள்விதானே என்பீர்கள். ஒரு கேள்வியில் இப்படி என்றால் மற்ற கேள்விகளையும் தோண்டுவார்கள். போன தடவை வேறு மாதிரி சொன்னீர்களே என்று கேட்கக்கூடாது, அதுவும் விதிதான். அன்றைக்கு வாயை மூடியது போதும் என்று நினைத்து, விதியைத் தூக்கிக் கிடப்பில் போட்டுவிட்டு முருகையனிடமே கேட்டேன்.

அவர் வலையிலிருந்து கையை எடுத்தார். "நீங்க போனப்புறம் கடலுக்குப் போனா அங்கயும் அதே கேள்விதான் மேடம். பொய்யச் சொல்லி கையெழுத்துப் போட்டுட்டமேன்னு இருந்துச்சு. ஒரு நாள் கரைக்கு வந்ததும் கேட்டுட்டேன், உனுக்கு இன்னா படிக்கணும்னு. கணக்குன்னா. சிதம்பரம்னா. அவ்ளோ தூரம் டெய்லி பஸ்ல போய் வருவியான்னேன். வருவேன்னா. மச்சான்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன், அவரு இப்போ பேசறதில்ல." சந்தியா தரையைப் பார்த்துச் சிரித்தாள். நான் தாளைக் காட்டி, "அப்போ இப்பத்தானே எப்போதும்னு போடணும்?" என்றேன். முருகையன் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இது வரைக்கும் ஒரு தடவதான் மேடம் கேட்டுருக்கேன், அதுக்குள்ள எப்பவும்னு போட்டா மறுபடியும் பொய்யில்ல ஆயிடும்?"

நெறியாளர் அம்மாவின் தீர்ப்பு

அந்தத் தாளை மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து அவரிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். இரண்டு சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அளக்கப் போன கேள்வியாலேயே மாறிப்போன வீடு, கணக்கில் சேர்க்க முடியாது என்று அதை எடுத்துத் தனியாக வைத்தார். மற்றதெல்லாம் பிரமாதம், வினாத்தாள் பாஸ், மேற்கொண்டு போகலாம் என்றார். இரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. கேட்டுவிட்டு எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் தனியாக வைத்த தாளை என் பக்கம் நகர்த்தினார். "பொய் சொன்னவங்கள்லாம் ரெண்டு தடவையும் ஒரே மாதிரி சொல்லியிருக்காங்கம்மா, அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?"

ஆக, சந்தியா பிளஸ் டூ முடித்துவிட்டுக் கணக்கு படிக்கச் சிதம்பரம் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறாள், நான் செல்லாத அந்த ஒரு தாளைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, செல்லுபடியான தாள்களை வைத்து முனைவர் பட்டம் வாங்கப் போகிறேன்.